முக்குறுணி நெல்

தஞ்சாவூருக்கு இதுதான் முதல் தடவை. 22 வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். மேடையில் என்னைத் தஞ்சாவூர் பாணி என்று அறிமுகப்படுத்தும்போதெல்லாம் கைகூப்பியிருக்கிறேன். ஊரை மட்டும் பார்த்ததில்லை. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தஞ்சாவூர் என்பது குருநாதர் வாயில் அடிக்கடி வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், அவரிடம் பயின்ற பாலக்காடு மணி ஐயர், டி.கே. மூர்த்தி என்று மிருதங்க வித்வான்களைப் பற்றிப் பாடம் நடுவில் அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம்.

மைசூரு–மயிலாடுதுறை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியபோது இன்னும் விடியவில்லை. ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. ராஜராஜனின் சதய விழா முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ரோட்டோரத்தில் அலங்கார வளைவுகளைப் பிரிக்காமல் விட்டிருந்தார்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, உறையைப் பிரித்து மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது. அந்த ஊர்க் காற்று எப்படி என்று தோல் சொல்லிவிடும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே முறுக்கேற்றிய தோல் காவிரிப் படுகையின் ஈரத்தைக் குடித்தால் தளரும், சுருதி இறங்கும். அது எதிர்பார்த்ததுதான், கல்லையும் கட்டையையும் வைத்துச் சுற்றித் தட்டி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு 'நம்' கேட்க வேண்டிய இடத்தில், ஒரு பக்கத்தில் மட்டும் 'டப்' என்று அடைத்துக்கொண்டது. தடவிப் பார்த்தேன். குச்சி இரண்டு கழன்று உறைக்குள் விழுந்து கிடந்தன.

மிருதங்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலந்தலையில் நடுவே கறுப்பாக இருக்கிறதே, அந்தக் கரணை உட்கார்ந்திருப்பது கொட்டுத்தட்டு என்ற தோலின் மேல். அதற்கு மேலே ஓரமாக வளையம் போல வெட்டிய இன்னொரு தோல், வெட்டுத்தட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் சின்னச் சின்னக் குச்சிகளைச் செருகியிருப்பார்கள். இரண்டு தோலும் ஒட்டிக்கொள்ளாமல் இடைவெளி கொடுத்து, நாதத்தைப் பிரித்து எடுத்துக் கொடுப்பது அந்தக் குச்சிதான். அது விழுந்தால் அந்தப் பக்கம் ஊமை.

மாலை 6 மணிக்குக் கச்சேரி. பாடுகிற அக்காவுக்குச் சுருதி ஐந்து கட்டை. என் கையில் இருப்பதோ அந்த உயர்ந்த சுருதிக்கான ஒரே ஒரு ஹெச்சு மிருதங்கம். வயலின் அண்ணன் கும்பகோணத்துக்காரர், அவருக்கு போன் பண்ணினேன்.

"தஞ்சாவூர்ல வந்து உட்கார்ந்துக்கிட்டு இதுக்குப் போய்க் கவலைப்படலாமாம்மா? ஒன்பது மணிக்கு ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் போய்ப் பெரிய கோயிலைப் பாரு."

சரி என்று கிளம்பினேன். ஆறரை மணிக்குக் கோயிலில் கூட்டமே இல்லை. 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயில், 216 அடி விமானம் என்று எல்லாம் படித்ததுதான். நிமிர்ந்து பார்த்தபோது எந்தக் கணக்கும் நினைவுக்கு வரவில்லை. கழுத்து வலிக்கிறவரை பார்த்தேன். அப்புறம் சுவர்ப் பக்கம் வந்துவிட்டேன். நான் இந்தக் கோயிலுக்கு வந்ததே சுவருக்காகத்தான்.

மழை விட்டிருந்தது. கல் மெதுவாக வெளுத்துக்கொண்டு வந்தது. ஆனால் உளி இறங்கிய பள்ளத்தில் மட்டும் ஈரம் காயவில்லை. அதனால் சுவர் முழுவதும் எழுத்துகள் மட்டும் கறுப்பாக, மை தொட்டு எழுதின மாதிரி எழுந்து நின்றன. சோழர் காலத்து எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு 'ப', ஒரு 'ட', ஒரு 'க' என்று அங்கங்கே தெரிந்த முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இந்தக் கோயில் கல்வெட்டுகளில் ஒன்றைப் பற்றிச் சில வருடங்களுக்கு முன்பு படித்தேன். அதிலிருந்து மனசைவிட்டுப் போகவே இல்லை. இறைவன் முன்னால் திருப்பதியம், அதாவது தேவாரம், பாட ராஜராஜன் பிடாரர்கள் என்ற பாடகர்கள் 48 பேரை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக மொத்தம் 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பாடுகிறவருக்கும் அதே முக்குறுணி, மத்தளம் வாசிக்கிறவருக்கும் அதே முக்குறுணி. அத்தனை பேரின் பெயரும் கல்லில் இருக்கிறது.

குறுணி என்றால் எட்டு நாழி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 90 கலத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற ஆடல் மகளிர் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு வீடும் வருடம் 100 கலம் நெல்லும் கொடுத்திருக்கிறான். அப்படிப் பார்த்தால் கலைக்குக் கொடுப்பதில் அந்தக் காலத்தில் கை அதிகம் ஏறி இறங்கவில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு 19 வயதில் ஒரு சபாவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரி. அழைப்பிதழில் பாடியவர் பெயருக்குக் கீழே 'பக்கவாத்தியங்களுடன்' என்று மட்டும் இருந்தது. முடிந்ததும் பாடியவருக்கு மாலை, பொன்னாடை, கவர். எனக்கு ஆட்டோ செலவுக்கு என்று மடித்துக் கையில் வைத்தார்கள். அப்பா வெளியே ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். "எவ்வளவு கொடுத்தாங்க" என்று அவர் கேட்கவில்லை. "நல்லா விழுந்ததா" என்றுதான் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பணம் பெரிதாகப் படவில்லை. பெயர் இல்லாததுதான் வலித்தது. அந்த மத்தளக்காரரைப் பற்றிப் படித்த ராத்திரி, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ எனக்காகப் பேசியது மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்கு அண்ணன் கூட்டிப்போன இடம், இரண்டு பேர் ஒட்டி நடக்க முடியாத ஒரு சந்து. வாசலில் எருமைத்தோல் வார் சுருள் சுருளாகத் தொங்கியது. பலாக்கட்டைகள் சுவரோரம். உள்ளே எழுபதைத் தாண்டிய ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். தலையை அசைத்துவிட்டு மிருதங்கத்தை வாங்கி மடியில் சாய்த்து, சுற்றிலும் எட்டு இடத்தில் விரலால் சுண்டினார். ஐந்தாவது சுண்டலிலேயே நின்றார்.

"இங்க ரெண்டு, அந்தாண்ட ஒண்ணு."

"ரெண்டுதான்யா விழுந்தது."

"மூணாவது விழல. நொறுங்கிக் கிடக்கு, உள்ளயே."

மெல்லிய கம்பியை வெட்டுத்தட்டுக்கு அடியில் விட்டு இழுத்தார். தூளாகத்தான் வந்தது. எனக்கு அது கேட்கவே இல்லை. 22 வருடக் காதுக்குக் கேட்கவில்லை.

அப்புறம் அவர் செய்ததைக் கண் எடுக்காமல் பார்த்தேன். டப்பாவிலிருந்து ஒரு குச்சியை எடுத்து நகத்தால் கிள்ளினார். கத்தி இல்லை, அளவுகோல் இல்லை. முனையை நாக்கில் வைத்து நனைத்து, தோலைக் கம்பியால் ஒரு மயிரிழை தூக்கி, உள்ளே தள்ளி, கட்டைவிரலால் ஓரத்தை ஒரு அழுத்து. சுண்டினார். தலையசைத்து அதையே வெளியே இழுத்து, இன்னும் ஒரு கிள்ளு கிள்ளி மறுபடி செருகினார். இந்த முறை சுண்டியபோது அறைக்குள் 'நம்' நின்றது. தொங்கிய வார்கூட அதிர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

"யார்கிட்ட பழகினீங்க?"

சொன்னேன். குருநாதரையும் தெரிந்திருந்தது, அவருக்கு வாத்தியம் செய்தவரையும் தெரிந்திருந்தது. பேச்சு பர்லாந்து பக்கம் திரும்பியது. மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர்க்காரர். மணி ஐயர் கேட்கிற நாதத்தைத் தோலில் கொண்டுவந்து கொடுத்த கை என்று பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கிட்டான் கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து, பூச்சு மேல் பூச்சாகக் கரணை வைத்துத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

மேடையில் எங்கள் பெயராவது இப்போதெல்லாம் வருகிறது. இவர்கள் பெயரை எந்த மேடையில் யார் சொன்னார்கள்? எழுதும்போது உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. ஏற்கெனவே ஆறு பேர் வேலை நிக்குது. இருக்கறது ரெண்டு கை." அப்புறம் உறையை மாட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஊர் விட்டு ஊர் வரும்போது வாரைக் கொஞ்சம் இறக்கிக் கொண்டாங்க. தோல் தூங்கட்டும். எந்நேரமும் இழுத்துக்கிட்டே நின்னா யாருக்குத்தான் தாங்கும்?"

மதியம் அரண்மனைக்குப் போனோம். நாயக்கர் காலத்துச் சங்கீத மகாலில் ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன், சரஸ்வதி மகால் நூலகத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கு இன்னொரு நாள் தனியாக வர வேண்டும். மனசு மேல வீதியில் இருந்தது.

மேல வீதி பங்காரு காமாட்சி கோயில் வெளியே இருந்து பார்த்தால் சின்னது. படையெடுப்புக் காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து பொன் காமாட்சியை எடுத்துக்கொண்டு கிளம்பி, உடையார்பாளையம், திருவாரூர் என்று ஊர் ஊராக வந்து கடைசியில் இங்கே சேர்த்தது, கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் முன்னோர்கள். அவரும் இங்கே பூஜை செய்தவர். 1762-இல் திருவாரூரில் பிறந்து, 1827 வரை வாழ்ந்து, பெரும்பாலும் இந்தத் தெருவில் நடமாடியவர். தாளக்காரர்களுக்கு அவர் தனி. எல்லோரும் மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தைத் 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாகப் போட்டால், அவர் சில இடங்களில் அதைப் புரட்டித் 'தகதிமி தகிட' என்று நான்கும் மூன்றுமாக வைத்தார். விலோம சாபு. ஏழு என்னவோ அதே ஏழுதான். ஆனால் காலை மாற்றி வைத்து மாடிப்படி ஏறுகிற மாதிரி உடம்பு முழுக்க வேறாக உணரும்.

சன்னதியில் நின்றபோது தொடையில் விரல் தானாக நான்கு-மூன்று போட்டது. பக்கத்தில் அக்காவைப் பார்த்தேன். அவர் விரலும்.

"பூர்விகல்யாணி எடுத்துக்கலாமா?" என்றார். அந்த ராகத்தில் சாஸ்திரியின் விலோம சாபுக் கீர்த்தனை உண்டு. அக்காவின் பட்டியலில் அன்றைக்கு அது இல்லை.

கச்சேரிக்கு மழையோடு மழையாக நாற்பது பேர் வந்திருப்பார்கள். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்பி, தம்புராவோடு சேர்த்துப் பார்த்தேன். ஐந்து கட்டையில் கச்சிதமாக நின்றது. முதல் நான்கு உருப்படியும் நல்லபடியாகப் போயின. அப்புறம் பூர்விகல்யாணி. அக்கா ராகத்தை அவசரமில்லாமல் விரித்தார். அண்ணன் ஒரு இடத்தில் வில்லை நிறுத்திவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். கீர்த்தனை தொடங்கியதும் முதல் வரிசையில் ஒரு பெரியவர் தாளம் போட ஆரம்பித்தார். நான்கு-மூன்று. நிரவல், ஸ்வரம் எல்லாம் கடந்து, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற என் தனி ஆவர்த்தனம் முடிகிறவரை ஒரு இடத்திலும் அவர் கை மூன்று-நான்காகப் புரளவில்லை. எத்தனையோ பெரிய மண்டபங்களில் வாசித்திருக்கிறேன், இப்படி ஒரு கை எனக்குக் கிடைத்ததில்லை.

தனியில் கணக்கு அதிகம் வைக்கவில்லை. காலையில் திரும்பக் கிடைத்த அந்த 'நம்'மை வாசிக்கத்தான் ஆசையாக இருந்தது. சாப்பு, நடுவில் இடைவெளி, மறுபடி நம். அக்கா தண்ணீர் குடிக்கவில்லை, பட்டியலைப் பார்க்கவில்லை, என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பெரியவர் கிட்டே வந்தார். "வாத்தியம் இந்த ஊர்ல செஞ்சதா?"

"இல்லைங்க. ஆனா இன்னிக்குக் காலையில இந்த ஊர்லதான் சரியாச்சு."

"கேக்குது" என்றார்.

ராத்திரி அறையில் தொப்பியில் காய்ந்திருந்த ரவையைச் சுரண்டி எடுத்துக்கொண்டே அக்காவிடம் முக்குறுணிக் கதையைச் சொன்னேன். ஈரத்துணியால் துடைத்து, வாரைக் கொஞ்சம் இறக்கினேன். அக்கா கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த மத்தளக்காரர் பேர் என்ன?"

"எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியலக்கா."

"நாளைக்கு ட்ரெயின் எத்தனை மணிக்கு?"

"ராத்திரிதான்."

"அப்ப காலையில போவோம். படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது அங்க இருப்பாங்க, கேட்டுப் பாப்போம்" என்று சொல்லி விளக்கை அணைத்தார்.