ஒரிஜினல் இருக்குதாப்பா?

வேலூர் லாங் பஜார் பக்கம் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸும் கல்யாண ஆல்பமும்தான் பிழைப்பு. எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை ஞாயிற்றுக்கிழமை வரும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள், காலேஜ் பிள்ளைகள் என்று சொந்த ஆசைக்குப் படம் எடுப்பவர்கள் பென்டிரைவோடு வருவார்கள். பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல "எப்டிணா கீது?" என்பார்கள். பாதிப் பேர் அந்த ஒரு கேள்விக்காகவே வருகிறார்கள் என்று எனக்குப் படும். அதனால் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனசு வராது.

அப்படி வந்த ஒரு தம்பி தன் அக்கா மகளை எடுத்திருந்தான். குடியாத்தம் பக்கத்து வீடு, திண்ணை, நாலு வயசுக் குழந்தை. 12×18 பிரிண்ட் வேண்டும் என்றான். திரையில் திறந்தேன். முகம் மட்டும், கழுத்து வரைக்கும். கன்னம் மெழுகுபோல வழவழவென்று இருந்தது. நிறம் வெளுத்திருந்தது. ஆனால் கண்கள் நன்றாக இருந்தன. திண்ணை நிழலில் உட்கார வைத்ததால் எதிரே வெயில் அடிக்கிற தெரு முழுக்க அந்தக் கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வெளிச்சத்துக்குள் தம்பி நிற்கிற நிழலுருவம்கூடத் தெரிந்தது. சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதுக்கு வெளியே நிறுத்தி எடுத்து, கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழியோடு கொண்டுவருபவர்கள்தான் அதிகம். இவன் நிழலைத் தேடியிருக்கிறான். அதை முதலில் சொன்னேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, எது சரியாக வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் அதைச் செய்வான்.

அப்புறம் கேட்டேன், "ஒரிஜினல் இருக்குதாப்பா?"

படத்தைப் பற்றி என்ன சொல்வதாக இருந்தாலும் எடிட் பண்ணாத ஃபைலைப் பார்க்காமல் நான் சொல்வதில்லை. எடுத்தபோது அவன் கண் எதைப் பார்த்தது, அப்புறம் எதற்குப் பயந்து எதை வெட்டினான் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் புரியும். கொஞ்சம் தயங்கிவிட்டுக் காட்டினான்.

ஒரிஜினலில் குழந்தையின் இடது கை இருந்தது. மூடிய முஷ்டி, விரலிடுக்கில் வெல்லம் உருகி வழிகிறது. பின்னால் ஓரமாக, மடியில் முறத்தோடு பீடி சுற்றுகிற அம்மாவின் முழங்கால். அப்போதுதான் அந்த முகத்துக்கு அர்த்தம் வந்தது. மாமன் பார்த்துவிட்டானே, அம்மாவிடம் சொல்லிவிடுவானோ என்கிற பார்வை அது. "கையை ஏன் வெட்டினே?" என்றேன். "பிளர் ஆயிடுச்சிணா" என்றான்.

ஆகத்தான் செய்யும். 50 எம்எம் லென்ஸின் துவாரத்தை 1.8-ல் அகலத் திறந்து வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், அவனுடைய கேமராவில் சுமார் மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் ஃபோகஸில் நிற்கும். கிட்டக் கண் தெளிவாக இருந்தால் அடுத்த கண்ணே லேசாக மங்கும், கை எங்கே நிற்கும்? துவாரத்தை 4-க்குச் சுருக்கியிருந்தால் ஆறு சென்டிமீட்டர் கிடைத்திருக்கும். வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், அதற்கு வெளிச்சத்தை வாங்குகிற உணர்திறனை, அதான் ஐஎஸ்ஓவை, 200-லிருந்து 1000 ஆக்கினால் சரியாகப் போகும். பின்னணி மங்கலாகத் தெரிந்தால்தான் போர்ட்ரெய்ட் என்று நம்பி 1.8-ஐ விட்டு இறங்காத பிள்ளைகள் நிறைய. அந்தத் திண்ணையில் மறைக்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

நிறத்தைப் பற்றிப் பேசுவதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் சட்டத்தை நிறைத்திருந்தால் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். மாநிறக் குழந்தை கறுத்துப் போகும். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவை, பிளஸ் ஒன்று ஏற்றியிருந்தால் முகம் உள்ளபடி வந்திருக்கும். இவன் வீட்டுக்குப் போய்ச் செல்போன் ஆப்பில் முகத்தை மட்டும் வெளுக்க வைத்து, தோலையும் வழித்திருக்கிறான். அதில் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டும் போய்விட்டது. ஆப் அதை மருவென்று நினைத்து அழித்திருக்கிறது.

"இந்தப் பொட்டை யாருப்பா வெச்சாங்க?" என்று கேட்டேன். "அக்காதான்" என்றான். திரையையே பார்த்துக்கொண்டு இருந்தான். குழந்தையின் தோலை வெளுக்காதே என்று அழுத்தித்தான் சொன்னேன். மற்றதில் நான் விட்டுக் கொடுப்பேன், இதில் மாட்டேன். கல்யாண ஆல்பத்தில் பெரியவர்கள் கேட்டால் அவர்கள் பாடு. நாலு வயசுக் குழந்தை கேட்கவில்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிறவள் தன் முகத்தை ஏன் மாற்றினார்கள் என்று நினைக்கக்கூடாது.

நின்றபடி எடுத்ததைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து எடு என்று எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் இந்தப் படத்தில் அவள் அண்ணாந்து பார்ப்பதால்தான் மாட்டிக்கொண்ட பாவம் முகத்தில் நிற்கிறது. சொல்லாமல் விட்டேன்.

பேச்சோடு நிறுத்தாமல் இரண்டையும் 4×6-ல் போட்டு மேஜையில் வைத்தேன். செல்போனில் பிரைட்னஸை ஏற்றிப் பார்ப்பதற்கும் தாளில் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். தாளில் எடிட் பண்ணின முகம் சப்பென்று கிடந்தது. ஒரிஜினலைக் கொஞ்சமாக, படம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் கூட்டினோம். கை மங்கலாகவே இருந்தது, வெல்லம் மினுங்கியது. இதைப் பெரிசாகப் போட்டு வெளியே வைப்பதென்றால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன். போன் போட்டுக் கேட்டான், சரியென்று சொன்னார்களாம்.

மேல் மூலையில் சுவரோடு ஒரு கரண்ட் மீட்டர் பெட்டி தெரிந்தது. கண்ணை இழுக்கிறது, அதை மட்டும் வெட்டிவிடலாம் என்றேன்.

"வேணாம்ணா, அது எங்க அக்கா வூடு. கீட்டும்" என்றான்.

எனக்கு அது இன்னும் இடிக்கிறது. ஆனால் காலையிலிருந்து அவன் தன் படத்துக்காகத் தானே பேசினது அப்போதுதான். பெட்டியோடு சேர்த்தே 12×18 போட்டுக் கொடுத்தேன்.