பழைய லேப்டாப்பில் டெபியன்: வைஃபை எந்தப் படியில் சிக்குகிறது?

சென்னை ரிச்சி தெருவில் கைமாறி வரும் லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டால், திரையும் ஒலியும் முதல் நாளே சரியாக வந்துவிடும். மல்லுக்கு நிற்பது வைஃபைதான். தேடிக் கிடைத்த கட்டளைகளையெல்லாம் வரிசையாக அடித்துப் பார்ப்பது இதில் பெரிய ஆபத்து. ஒன்று சரி செய்ததை இன்னொன்று கெடுத்துவிடும், எது வேலை செய்தது என்றும் தெரியாது. கார்டு, ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்), டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ரேடியோ சுவிட்ச், சிக்னல் என்று கீழிருந்து ஏறுவதே நல்லது. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12-இல் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ கார்டு. கட்டளைகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்.

வேலை முடியும்வரை நெட் வேண்டுமே? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் செருகி, அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் போதும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தானாகவே அதை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். வயர் டேட்டா வயராக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் ஒன்றும் தெரியாது. ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி) ஆக மாறும்போது ‘சு’வுக்குப் பின் ஒரு ஹைஃபன் போடுங்கள். அதை விட்டால் மாட்புரோப் (டிரைவரை ஏற்றி இறக்குவது), ஐடபிள்யூ (வைஃபையைக் கையாள்வது) போன்ற கட்டளைகள் இருந்தும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வரும்.

முதல் கட்டளை ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’. நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில் சதுர அடைப்புக்குள், நடுவே முக்காற்புள்ளியுடன் இருக்கும் எண்தான் கார்டின் அடையாளம். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். எண் 10இசி என்று தொடங்கினால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 8086 என்றால் இன்டெல். நம் கார்டு 10இசி:பி723. அடுத்த வரிகளில் ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ இருந்தால் டிரைவர் பிடித்துவிட்டது. கார்டே பட்டியலில் இல்லையென்றால் மென்பொருளில் தேடிப் பயனில்லை. கரன்ட்டைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் கழற்றி, கார்டை எடுத்துத் தங்க நிறக் காண்டாக்ட்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகிப் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் ரேம் குச்சிக்குச் செய்கிற அதே வைத்தியம்.

டிரைவர் இருந்தும் வைஃபை பட்டியல் வரவில்லையென்றால் கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ‘ஃபெயில்டு டு லோட்’ என்று சொல்லி மைனஸ் 2 என்று முடிந்தால், அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம். ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ பேக்கேஜைப் போட்டால் தீரும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் உண்டு. சிக்கல் வருவது 11-இலிருந்து மேம்படுத்திய மெஷின்களில். அந்தப் பேக்கேஜ்கள் நான்-ஃப்ரீ (கட்டற்ற உரிமம் இல்லாதவை) பிரிவிலிருந்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டன. பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் கோப்பில் அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால், பேக்கேஜ்களை நிறுவும் ஏப்ட் பழைய ஃபர்ம்வேரிலேயே விட்டுவிடும்.

அடுத்து, ரேடியோ அணைந்திருக்கிறதா என்று காட்டும் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. சாஃப்ட் பிளாக் (மென்பொருள் அணைத்தது) என்றால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ போதும். ஹார்ட் பிளாக் என்றால் பக்கவாட்டு சுவிட்ச் அல்லது விமானக் குறியுள்ள விசை. நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் கட்டளையான ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ கார்டை ‘அன்மேனேஜ்டு’ என்று காட்டினால், இன்ஸ்டாலர் அந்த வைஃபையை இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்த வரிகளை நீக்கி நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யவும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கோடுதான் சிக்னல், அடுத்த அறைக்குப் போனால் அதுவும் இல்லை. இந்தக் கார்டின் பேர்போன கோளாறு இதுதான். சிப்பில் இரண்டு ஆன்டெனா முனைகள் உண்டு. சில லேப்டாப்களில் ஒரே ஆன்டெனாவை மட்டும் மாட்டியிருப்பார்கள், எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்ற குறிப்பும் சிப்பின் நினைவகத்தில் தவறாகப் பதிந்திருக்கும். டிரைவர் அதை நம்பி, ஒயரே இல்லாத முனையில் கேட்டுக்கொண்டிருக்கும். ‘மாட்புரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ’ என்று இறக்கிவிட்டு, ‘மாட்புரோப் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=1’ என்று ஏற்றுங்கள். பிறகு 2 கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘ஐடபிள்யூ டெவ்’ உடன் கார்டின் பெயரும் (‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ காட்டுவது) ‘லிங்க்’கும் சேர்த்து அடித்து சிக்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 80-க்கும் கீழே போனால் தடுமாறும், மைனஸ் 50-ஐ ஒட்டினால் அருமை. எது நன்றாக வந்ததோ, அதை மாட்புரோப்.டி அடைவுக்குள் ஒரு .கான்ஃப் கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2’ என்கிற மாதிரி எழுதிவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்.

சிக்னல் நன்றாக இருந்தும் சும்மா விட்டால் அறுந்துபோகிறதா? மின்சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். ‘ஐடபிள்யூ டெவ்’, கார்டின் பெயர், ‘செட் பவர்_சேவ் ஆஃப்’ என்று அடித்துப் பார்த்துவிட்டு, பலன் இருந்தால் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி கோப்பில் ‘கனெக்‌ஷன்’ பிரிவின் கீழ் ‘வைஃபை.பவர்சேவ்=2’ என்று வையுங்கள். 2 என்றால் அணை, 3 என்றால் போடு. இந்த எண்களை ஏன் இப்படி வைத்தார்களோ!

வேளச்சேரி, அண்ணா நகர் மாதிரி அடுக்குமாடிகள் நெருங்கிய இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நிரம்பி வழியும். அதனால் ரவுட்டரை 12 அல்லது 13-ஆம் சேனலுக்கு மாற்றி வைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் அவை அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் கார்டு அமெரிக்க அலைவரிசை விதியில் இருந்தால் அந்த நெட்வொர்க் கண்ணுக்கே தெரியாது. போனில் தெரியும், லேப்டாப்பில் தெரியாது. ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ பார்த்து, ‘ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்’ கொடுங்கள், இதில் ‘ஐஎன்’ மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். 8723பிஇ 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கவே பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ரவுட்டரில் 5 மட்டும் ஓடினால் எந்தக் கட்டளையும் உதவாது.

கார்டு 14இ4:4365 என்றால் கதை வேறு. அதற்கு ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’ பேக்கேஜ் வேண்டும். இது நான்-ஃப்ரீ பிரிவில் இருக்கிறது, ஃபர்ம்வேர் பிரிவில் தேடினால் கிடைக்காது. முதலில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ போடாவிட்டால் மாட்யூல் (கர்னலில் ஏறும் டிரைவர்) உருவாகாது. கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்காத செக்யூர் பூட் செயலில் இருந்தால் ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று மறுக்கும். பயாஸில் அதை அணைக்கலாம், அல்லது மோக்யூட்டில் என்ற கட்டளை மூலம் டிகேஎம்எஸ் (மாட்யூலை உருவாக்கும் கருவி) கையொப்பமிடும் சாவியைப் பதியலாம். பதிந்தபின் வரும் ரீபூட்டில் ஒரு நீலத்திரை தோன்றும். அதைத் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கார்டையே மாற்றுவதானால் இன்டெல் 7260 மாதிரி ஒன்று வாங்கினால் நிம்மதி. அரை நீள மினி பிசிஐஇ, எம்.2 என்று இரு வடிவிலும் கிடைக்கும், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எம்.2 கார்டின் ஆன்டெனா முனை இன்னும் சின்னது, மினி பிசிஐஇ ஒயர் அதில் உட்காராது. சில பழைய லேப்டாப்களின் பயாஸ் தனக்குத் தெரியாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும். அதனால் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று காசு கொடுக்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.