பெயரையும் விற்றவர்

மயிலாடுதுறையில் ரவிக்கைக்காகத் தையல் கடை வாசலில் காத்திருந்தபோது ஹால்ஸ்டனைப் பற்றிப் படித்தேன். 1961-இல் அமெரிக்க அதிபராகக் கணவர் பதவியேற்ற விழாவுக்கு ஜாக்குலின் கென்னடி அணிந்து வந்த வட்டத் தொப்பி அவர் கைவேலை. அப்போது அவர் நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மேன் கடையில் தொப்பி செய்பவர். பிறகு அமெரிக்காவே கொண்டாடிய ஆடை வடிவமைப்பாளர்.

1973-இல் நிறுவனத்தோடு தன் பெயரையும் சேர்த்து விற்றுவிட்டார். போதை, இரவு விருந்து என்று சரிவுக்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கையெழுத்துதான் உறுத்துகிறது. எண்பதுகளில் ஜே.சி. பென்னி கடைகளுக்கு மலிவு விலையில் ஆடை வடிவமைக்க ஒப்புக்கொண்டார். உடனே அதே பெர்க்டார்ஃப் அவர் ஆடைகளை விற்பதையே நிறுத்திவிட்டது. 1984-இல் தன் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியே தள்ளப்பட்டார். 1990-இல் இறந்தார்.

தையற்கார அண்ணனிடம் சொன்னேன். கொக்கி தைத்துக்கொண்டிருந்தவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பெயரையுமா விற்றார்?"

அண்ணாந்து தன் கடைப் பலகையைப் பார்த்தார். ஐப்பசி மழைகள் தின்றதுபோக அதில் மூன்று எழுத்துகள்தான் மிச்சம்.

"இதை யாரம்மா வாங்குவார்கள்? இன்னொரு ரவிக்கை நாளைக்குத்தான்."

தீபாவளி நாளை மறுநாள். நாளைக்கும் போக வேண்டும்.