நாகாலாந்து பர்மிட்: நான் பட்ட பாடு

பர்மிட் மட்டும் இருந்தால் போதும், நாகாலாந்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று யாராவது சொன்னால், அவர் அங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போனவராக இருப்பார். நான் வேலை பார்க்கப் போனவன்.

2022 மார்ச். கோயம்புத்தூரில் நான் இருக்கும் சோலார் கம்பெனிக்கு, பெக் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடக் கூரைமேல் பேனல் மாட்டும் வேலை கிடைத்திருந்தது. நானும் இரண்டு ஃபிட்டர்களும் கிளம்பினோம். மூத்தவர் இருபது வருடமாகத் தொழிலில் இருப்பவர், எல்லோருக்கும் அண்ணன். வேலை 8 நாள். திரும்பி வர 23 நாள் ஆனது.

முதல் தப்பு எங்களுடையதுதான். வெளிமாநிலத்துக்காரர்கள் உள்ளே போக வாங்க வேண்டிய இன்னர் லைன் பர்மிட்டை ஆன்லைனில் எடுக்கும்போது, சீக்கிரம் கிடைக்கிறது என்று ஆபீஸ் பையன் மூன்று பேருக்கும் சுற்றுலாப் பயணி என்று போட்டு எடுத்துவிட்டான். டிமாப்பூருக்குப் பர்மிட்டே வேண்டாம் என்று வேறு சொன்னான். எங்கேயோ பழைய தகவலைப் படித்திருக்கிறான். 2019 டிசம்பரிலேயே டிமாப்பூரையும் பர்மிட் வேண்டிய அந்த இன்னர் லைன் கோட்டுக்குள் சேர்த்துவிட்டார்கள்.

ரயிலில் டிமாப்பூர் வந்து இறங்கியவரை ஒரு பிரச்சினையும் இல்லை. மறுநாள் கோஹிமா சாலைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். போலீஸ்காரர் பர்மிட்டைப் பார்த்தார். பின்னால் கிடந்த டிரில்லிங் மெஷினையும் அலுமினியச் சட்டங்களையும் பார்த்தார். மறுபடி பர்மிட்டைப் பார்த்தார். "டூரிஸ்ட்?" என்றார். அண்ணன் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டார். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். கோபித்துக்கொள்ள முடியவில்லை, அவர் தன் வேலையைச் செய்தார்.

அதற்கப்புறம்தான் அலுவலகப் படலம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. வேலைக்கு வருபவனுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். கம்பெனிக் கடிதம், ஆதார், போட்டோ எல்லாம் நீட்டியபோது கிளார்க் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கடைசியில் ஜாமீன் கடிதம் எங்கே என்று கேட்டார். முதலிலேயே கேட்டிருக்கலாம். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை எங்கள் உள்ளூர் காண்டிராக்டரே கடிதம் கொடுத்தார். அவருடைய அடையாள அட்டை நகலில் அவர் கையெழுத்து இல்லை என்று கிளார்க் திருப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி கேம்ப் போய்விட்டார். புதன்கிழமை மதியம் சீல் விழுந்தது. ஆளுக்கு ஆறு போட்டோவாவது கொண்டு போங்கள். நகல் எடுக்கும் எல்லாத் தாளிலும் ஜாமீன்தாரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒன்று யோசித்தேன். இந்தக் கோடு 1873-ல் வெள்ளைக்காரன் போட்டது. மலைக்காரர்களோடு வம்பு வேண்டாம், தேயிலைத் தோட்டமும் வியாபாரமும் பத்திரமாக இருக்கட்டும் என்பது அவன் கணக்கு. இன்று அதே கோட்டை நாகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியாள் வந்து நிறைந்துவிடக் கூடாது என்று. அந்தப் பயத்தை நான் தப்புச் சொல்லமாட்டேன். ஆனால் அதன் கூர் யார்மேல் படுகிறது என்பதையும் அங்கேதான் பார்த்தேன். எங்கள் டிரைவர் அஸ்ஸாமின் கரீம்கஞ்ச்காரர், வீட்டில் வங்காளம் பேசுபவர், முஸ்லிம். ஆதார், வாக்காளர் அட்டை, லைசென்ஸ் எல்லாம் வைத்திருந்தார். எங்களிடம் கேட்காத கேள்வி எல்லாம் அவரிடம் கேட்டார்கள்: அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார், எந்த வருடம் வந்தீர்கள். "வரவேயில்லை சார், அங்கேயேதான் இருக்கிறோம்" என்றார். அவருக்குப் பர்மிட் வரவில்லை. "நீங்க போங்க அண்ணா, நான் ஊருக்கே திரும்பிவிடுகிறேன்" என்று அவரே சொன்னபோது எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலே போக உள்ளூர் டிரைவரை வைத்துக்கொண்டோம்.

பக்கத்து டீக்கடையில் நாங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் கடைக்கார அம்மா, "எங்க பழைய கவர்னரை உங்களுக்குத்தானே அனுப்பினோம்?" என்று சிரித்தார். ஆர்.என். ரவி நாகாலாந்தில் ஆளுநராக இருந்து 2021 செப்டம்பரில் சென்னைக்கு மாறியவர். அதற்கு முன்பே மத்திய அரசின் பேச்சுவார்த்தைப் பிரதிநிதியாக இருந்து, 2015 ஆகஸ்ட் 3 அன்று தனிநாடு கேட்டு ஆயுதம் எடுத்த நாகர் இயக்கத்தின் தலைவர் துயிங்காலெங் முய்வாவோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். தனிக்கொடி, தனி அரசியல் சாசனம் என்ற கோரிக்கையில் அது நின்றுபோனது. அந்த அம்மாவுக்கு எல்லாம் அத்துப்படி. "கையெழுத்துப் போட்டார்கள், என்னவென்று எங்களுக்குத்தான் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே பால் இல்லாத டீயை ஊற்றினார்.

பேனல் ஏற்றிய லாரி இதற்குள் குவாஹாத்தியிலிருந்து டிமாப்பூர் குடோனுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை இரண்டு பையன்கள் வந்தார்கள். நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. எத்தனை பேனல், என்ன விலை, எங்கே போகிறது என்று விசாரித்தார்கள். மின்வாரிய ஆள் என்று நினைத்து அண்ணன் உட்காரச் சொல்லி, வாட் கணக்கெல்லாம் விளக்கினார். வரி கேட்டு வந்தவர்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. அரசாங்க வரி இல்லை, இன்னொரு அரசாங்கத்தின் வரி. மதியம் வேறு இரண்டு பேர் வந்தார்கள். காலையில் வந்தவர்களுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். எந்தக் குழு, எந்தப் பிரிவு என்று இங்கே சொல்லமாட்டேன்.

நாகர் இயக்கம், மத்திய அரசோடு போட்ட 1975 ஷில்லாங் ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிந்தது, 1988-ல் மறுபடி பிரிந்தது, அப்புறமும் பிரிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ரசீதுப் புத்தகம். 1997-லிருந்து போர்நிறுத்தம் இருப்பதால் துப்பாக்கிச் சத்தம் குறைந்தது, வசூல் குறையவில்லை. ஊர்க்காரர்களே பொறுக்க முடியாமல் 2013-ல் டிமாப்பூரில் திரண்டு, ஒரே அரசு ஒரே வரி என்று கோஷம் போட்டிருக்கிறார்கள். ஆயுதக் கும்பல்கள் தனி அரசாங்கமே நடத்துகின்றன என்று 2020-ல் ஆளுநராக இருந்த ரவியே முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எனக்கு அந்த நேரத்தில் வரலாறு முக்கியமாகப் படவில்லை. 48 பேனல், ஒன்றுகூட விரிசல் விடாமல் மேலே போக வேண்டும்.

காண்டிராக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கள் எதுவும் பேச வேண்டாம், எதையும் கேட்கவும் வேண்டாம்" என்றார். கேட்கவில்லை. வியாழக்கிழமை லாரியை விட்டுவிட்டார்கள். காண்டிராக்டரின் பில்லில் லோடிங் சார்ஜ் என்ற வரி மட்டும் கொஞ்சம் கொழுத்திருந்தது.

டிமாப்பூரிலிருந்து கோஹிமா 74 கிலோமீட்டர். ராத்திரி அங்கே தங்கி, சனிக்கிழமை மேலே ஏறினோம். சாலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

உண்மையான சிக்கல் அந்தச் சனிக்கிழமை நடந்தது, அதுவும் சந்தோஷமாக நடந்தது. வழியில் ராணுவச் சோதனை. அடையாள அட்டையைப் பார்த்த ஜவான் தலையைத் தூக்கி, "கோயம்புத்தூரா? நான் தேனிப் பக்கம்ணே" என்றார். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் தமிழ் கேட்டால் மனுஷன் என்ன ஆவான்? இறங்கிவிட்டோம். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அண்ணன் அவர் தோளில் கைபோட்டு போட்டோவே எடுத்துக்கொண்டார். வண்டியில் உட்கார்ந்திருந்த உள்ளூர் டிரைவர் இறங்கவில்லை, டீயும் வேண்டாம் என்றுவிட்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கிராமத்தில் தலைமையாசிரியர் வீட்டில் இறங்கினோம். டிரைவர் அவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அதுவரை கலகலப்பாக இருந்த மனிதர் சட்டென்று அளந்து பேச ஆரம்பித்தார். சாப்பாடு போட்டார், படுக்க இடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை எப்போது பார்க்கலாம் என்றால், "ஊர்க் கவுன்சில் முதலில் உங்களைப் பார்க்க வேண்டும்" என்றார். மறுநாள் ஞாயிறு. நாகாலாந்து கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆணிகூட அடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊரே சர்ச்சில். நாங்கள் மூன்று பேர் அடுப்படியில், மேலே புகையில் தொங்கும் கறியைப் பார்த்தபடி, என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

இளைய ஃபிட்டருக்குத்தான் பொறிதட்டியது. "அண்ணே, அந்த போட்டோ."

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஓட்டிங் கிராமத்துத் துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. 2021 டிசம்பர் 4. மோன் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வேனில் வீடு திரும்பியவர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. அன்று 6 பேர், அடுத்தடுத்து மூண்ட கொந்தளிப்பில் இன்னும் 8 பேர். வெறும் சந்தேகத்தின்பேரில் சுடவும் அதிகாரம் கொடுக்கிறது என்று ஊர் கொதிக்கும் அந்த ஆயுதப்படைச் சட்டம் 1958-லிருந்து இருப்பது. இதெல்லாம் நான் செய்தியில் படித்தவன்தான். படித்துவிட்டுத்தான் சிப்பாயோடு சிரித்து டீ குடித்துவிட்டு, அதே வண்டியில் அந்த ஊருக்குள் போயிருக்கிறேன். யாருக்கும் புரியாத மொழியில் வேறு பேசிக்கொண்டு.

திங்கட்கிழமை கவுன்சில் கூடியது. ஏழெட்டுப் பேர், நடுவில் சிவப்புச் சால்வை போட்ட வயதான காவ்ன்பூரா, ஊர்ப் பெரியவர். அந்தச் சால்வை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அரசாங்கம் கொடுப்பது, பேச்சு மட்டும் ஊருடையது. என் பர்மிட்டை நீட்டினேன். வாங்கி, படிக்காமலே மடித்து மேசைமேல் வைத்தார். தலைமையாசிரியர் மொழிபெயர்த்தார்.

"அவர்களோடு என்ன மொழி பேசினீர்கள்?"

"தமிழ். அந்தப் பையன் எங்கள் ஊர்ப்பக்கம்."

"என்ன பேசினீர்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "தம்பி, சாப்பிட்டியான்னு கேட்டேன்னு சொல்லு. வேறென்ன கேக்கறது?" மொழிபெயர்த்ததும் பெரியவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு அசைவு. அண்ணன் போனை எடுத்து, போட்டோவைக் காட்டிவிட்டு, அவர்கள் எதிரிலேயே அழித்தார். அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அப்புறம் பெரியவர் நிதானமாகப் பேசினார். இந்த மாவட்டத்திலேயே மத்திக்ரு என்ற கிராமத்தில் 1960 செப்டம்பர் 6 அன்று ராணுவம் 9 பேரைக் கொன்றது. அப்போது இவர் சின்னப் பையன், இவருடைய ஊரே காட்டுக்குள் ஒளிந்திருந்தது. நான்கு வருடம் கழித்து, சர்ச்சுக்காரர்கள் முயற்சியில் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஆங்கிலேயப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட்டும் அப்போதைய அஸ்ஸாம் முதலமைச்சர் சாலிஹாவும் சமாதானத்துக்கு வந்தார்கள், போர்நிறுத்தம் வந்தது. அதுவும் செப்டம்பர் 6. "எங்களுக்கு ஒரே தேதியில் இரண்டும் இருக்கிறது" என்றார். தலைமையாசிரியர் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

தீர்ப்பு இதுதான். வேலை பார்க்கலாம். இருட்டிய பிறகு வெளியே நடக்கக் கூடாது. போகும்வரை ஊருக்கு விருந்தாளி, பொறுப்பு ஊருடையது. ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அந்தக் கடிதத்தின் மதிப்பு வேலை தொடங்கிய நாலாவது நாள் தெரிந்தது. பைக்கில் இரண்டு பேர் வந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, பேனலை எண்ண ஆரம்பித்தார்கள். டிமாப்பூர் குடோனில் பார்த்த அதே எண்ணல். நான் கூரைமேல் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவர்களோடு ஐந்து நிமிடம் பேசினார். குரல்கூட உயரவில்லை. பையன்கள் டீ குடித்தார்கள், எங்களுக்குக் கை அசைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: தலைகீழாகத் தொடங்குங்கள். முதலில் எந்த ஊரில் வேலையோ அந்த ஊர்க் கவுன்சிலிடம் கடிதம் வாங்குங்கள். பள்ளிக்கூடமானால் தலைமையாசிரியரே வாங்கித் தருவார், அங்கே பள்ளி நிர்வாகமே 2002 சட்டப்படி ஊர்க் கமிட்டியின் கையில் இருக்கிறது. ஊர் கூப்பிட்டு வருபவனை பர்மிட் ஆபீஸில் அவ்வளவு அலைக்கழிக்கமாட்டார்கள். வண்டியையும் டிரைவரையும் உள்ளூரிலேயே பேசிவிடுங்கள். சீருடைக்காரர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும் அட்டையைக் காட்டினோமா, கிளம்பினோமா என்று இருங்கள்.

மார்ச் 31 அன்று இறங்கி வந்துகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது: மறுநாளிலிருந்து நாகாலாந்தில் 7 மாவட்டங்களின் 15 போலீஸ் நிலையப் பகுதிகளில் ஆயுதப்படைச் சட்டம் கிடையாது. டிரைவரிடம் சொன்னேன். பெக் மாவட்டம் இருக்கிறதா என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். இல்லை. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

சோதனைச் சாவடியில், இத்தனை பாடுபட்டு வாங்கிய பர்மிட்டை ஜன்னல் வழியே நீட்டினேன். வெளியே போகிறவனுடையதை யார் பார்க்கிறார்கள்? போ என்று கை காட்டிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து அக்கவுண்டன்ட் கூப்பிட்டார். "சார், இந்த லோடிங் சார்ஜ் என்ன இவ்வளவு போட்டிருக்காங்க? பேனல் ஏத்தினாங்களா, ஆனை ஏத்தினாங்களா? ஜி.எஸ்.டி. நம்பரும் காணோமே."