லண்டன் பழைய பப்கள்: வாசல் பலகையை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்

லண்டனில் பழைய பப் தேடிப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது வாசலில் எழுதியிருக்கும் ஆண்டில்தான். ஹாட்டன் கார்டன் பக்கத்துச் சந்தில் ஒளிந்திருக்கும் யே ஓல்டு மைட்டர் 1546 என்று பெருமை பேசும்; நாம் நுழையும் கட்டிடம் 18ஆம் நூற்றாண்டுடையது. ஹோபர்னில் உள்ள சிட்டி ஆஃப் யார்க், ஏதோ மத்தியகால மண்டபம் மாதிரி தோற்றம் காட்டும். அதைக் கட்டியது 1920களில். பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடத்தில் மதுக்கடை இருந்து வந்தது பழைய கதை, சுவர்தான் புதுசு. அதனால் ஆண்டைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். உள்ளே அறைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று பார்த்துப் போடுங்கள்.

விக்டோரியா காலத்து பப் ஒரே கூடமாக இருந்ததில்லை. கூலிக்காரர்களுக்குப் பப்ளிக் பார், கொஞ்சம் காசுள்ளவர்களுக்குச் சலூன் பார், ஆள் கண்ணில் படாமல் உட்கார ஸ்னக் என்று தனித்தனியாக இருக்கும். பலவற்றுக்குத் தெருவிலிருந்தே தனி வாசல். இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தடுப்புகளில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளினார்கள். எல்லா மூலையும் கவுண்டரிலிருந்து தெரிந்தால் கண்காணிப்பது சுலபம், ஆளும் அதிகம் கொள்ளும். எனவே தடுப்போடு நிற்கும் பப் எதுவானாலும் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

இதற்கு முதல் உதாரணம் ஹை ஹோபர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ். 1891இல் செய்த உள்வேலை: அமிலத்தால் அரித்துப் பூவேலை செய்த கண்ணாடி, ஓடுகள், மஹோகனி மரம். நடுவில் கவுண்டர், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அடைப்புகள். இந்த அடைப்புகள்கூட 2008 வாக்கில் பழைய அமைப்பின்படி மீண்டும் செய்தவை என்பது வேடிக்கை. ஆண்கள் கழிவறையின் பளிங்கு வேலைக்கும் பெரிய பேர் உண்டு, தயங்காமல் பாருங்கள். அசல் வேலைப்பாடு வேண்டுமென்றால் லாம்ப்ஸ் கண்டூயிட் தெருவில் உள்ள தி லாம்ப். கவுண்டர் மேல் கண் மட்டத்தில் வரிசையாகச் சுழலும் சிறு கண்ணாடிக் கதவுகள் இருக்கும். ஸ்நாப் ஸ்கிரீன் என்பார்கள். குடிப்பவர் முகத்தைப் பரிமாறுபவர் பார்க்கக் கூடாது. ஆர்டர் கொடுக்க மட்டும் கதவைத் திருப்பினால் போதும்.

பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்துக்கு எதிரே முக்கோண வடிவில் நிற்கும் பிளாக் ஃபிரையர் வேறு ரகம். அந்தப் பகுதியில் டொமினிக்கன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருந்ததை வைத்து 1905இல் தொடங்கி உள்ளே துறவிகளாக நிரப்பிவிட்டார்கள். 1960களில் இடிக்கப் பார்த்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் உட்படப் பலர் போராடிக் காப்பாற்றினார்கள். ஒரு புடைப்புச் சிற்பத்தில் துறவிகள் மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள், தலைப்பு ‘நாளை வெள்ளிக்கிழமை’. வெள்ளியன்று இறைச்சி கிடையாது அல்லவா! பின்பக்கம் உள்ள சின்னப் பளிங்கு அறையைப் பார்க்காமல் திரும்பினால் போனதே வீண்.

சவுத்தார்க்கில் உள்ள ஜார்ஜ் விடுதியில் ஆண்டும் உண்மை. 1676 தீவிபத்துக்கு மறு ஆண்டு கட்டியது. லண்டனில் மரத்தாழ்வாரங்களோடு மிஞ்சிய ஒரே குதிரைவண்டி விடுதி. மூன்று பக்கம் இருந்ததில் இரண்டை 1889இல் ரயில்வே கம்பெனி இடித்துவிட்டது. மிச்சம் 1937 முதல் பழைய கட்டிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம். கூட்டம் முற்றத்திலேயே நின்றுவிடும். நீங்கள் உள்ளே போய், வண்டிப் பயணிகள் காத்திருந்த பழைய பாரில் உட்காருங்கள்.

எப்போது போவது? வார நாளில் மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள். ஐந்தரைக்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் தோள்களைத்தான் பார்க்கலாம், சுவரைப் பார்க்க முடியாது. வியாழன் மாலை ரொம்ப மோசம். சனி, ஞாயிறு மத்திய லண்டனின் அலுவலகப் பகுதி வெறிச்சோடும், மைட்டர் போன்றவை பூட்டியிருக்கும். கிளம்பும் முன் அந்தந்த பப்பின் இணையதளத்தில் நேரம் பார்த்துவிடுங்கள்.

மேஜையில் உட்கார்ந்து கையசைத்தால் பொதுவாக யாரும் வரமாட்டார்கள். கவுண்டருக்குப் போய் ஆர்டர் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, நீங்களே எடுத்து வர வேண்டும். வரிசை இல்லாத மாதிரி தெரியும், ஆனால் யாருக்குப் பின் யார் என்று எல்லோருக்கும் தெரியும், முந்தினால் முறைப்பார்கள். பெரிய நோட்டை ஆட்டிக் கூப்பிடுவதும் கூடாது.

பியர் அளக்கும் பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட் 284. ஒரே நாளில் மூன்று நான்கு இடம் பார்ப்பவர்கள் அரையோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம். கைப்பம்பில் இழுத்துத் தரும் கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகும் பியர், 11 முதல் 13 டிகிரியில் வரும். ‘சூடாக இருக்கிறதே’ என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், அதுதான் சரியான பதம். வினிகர் வாடை அடித்தால் மட்டும் தயங்காமல் திருப்புங்கள். பீப்பாயைத் திறந்ததும் உள்ளே காற்று போகிறது, மூன்று நாளைக்கு மேல் தாங்காது. சிறிய பீப்பாயான ஃபிர்கினிலேயே 72 பைன்ட் இருக்கிறது. விற்பனை மந்தமான கடையில் அது தீர்வதற்குள் கெட்டுவிடும். ஆகவே பத்து பம்பு வைத்திருக்கும் கடையைவிட, மூன்றே பம்பு வைத்து வேகமாக விற்கும் கடை மேல். சந்தேகமிருந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள், தருவார்கள். குடிக்காதவர்கள் லைம் சோடா வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

பிரின்சஸ் லூயிஸ், சிட்டி ஆஃப் யார்க், ஃப்ளீட் தெருவின் செஷயர் சீஸ் மூன்றும் சாமுவேல் ஸ்மித் என்ற யார்க்ஷயர் மதுவடிப்பகத்துக்குச் சொந்தம். அங்கே அவர்கள் சரக்குதான் கிடைக்கும். பாட்டு கிடையாது, போன் பேசவும் லேப்டாப் திறக்கவும் தடை.

நடக்கும் வழி: லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி ஜார்ஜ். அங்கிருந்து ஆற்றோரமாக மேற்கே நடந்து, பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் கடந்தால் பிளாக் ஃபிரையர். அடுத்து பத்து நிமிடத்தில் செஷயர் சீஸ். 1666 பெருந்தீயில் எரிந்து மறு ஆண்டு எழுந்தது; வாசல் ஃப்ளீட் தெருவில் இல்லை, வைன் ஆபீஸ் கோர்ட் என்ற சந்துக்குள் திரும்ப வேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு, வாசல் நிலை தாழ்வு, நிலவறைப் படிகள் செங்குத்து. தலையைக் குனிந்தே இறங்குங்கள்.