லாடம் கிடைத்தது, குதிரை வாங்கினேன்

போன வருஷம் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் நான் எடுத்த படங்கள் மொத்தம் 212. அவற்றில் இருப்பது என் மகள்தான் என்று சத்தியம் செய்யக்கூடியவை மூன்று. மிச்சத்தில் எல்லாம் ஒரு பச்சைப் பாவாடை காற்றில் கரைந்துகொண்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரவையைத் தூவியதுபோலப் புள்ளிகள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி, ஒரு கையில் மிக்சர் பொட்டலத்தோடு, மறு கையில் போனைத் தூக்கிப் பிடித்துச் சும்மா ஒரு படம் எடுத்தாள். அது இரவே குடும்பக் குழுவில் போய்விட்டது. நாகர்கோவில் சித்தி உடனே, "அருமை! மாப்பிள்ளை எடுத்ததா?" என்று கேட்டிருந்தார். "ஆமா சித்தி" என்று அவளே பதில் போட்டாள். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னிடம் இருந்தது நிக்கான் டி3100. 2011-ல், கல்யாணத்துக்கு முன்பு, சம்பளம் முழுவதும் என் சம்பளமாகவே இருந்த காலத்தில் வாங்கியது. 14.2 மெகாபிக்ஸல், கூடவே வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். பகலில் அது குறை வைத்ததே இல்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி முழுக்காட்டுவதையும், ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற கைகளையும் அதில்தான் எடுத்தேன். விளக்கு வெளிச்சம் என்று வந்தால்தான் தகராறு. அந்த லென்ஸை 55 வரை நீட்டினால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளை, எஃப் 5.6-க்கு மேல் விரியாது (எண் குறையக் குறையத் துளை பெரிது). உள்ளே போகிற வெளிச்சம் பத்தாது. ஷட்டர் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்தே கிடக்கும். அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். சரி என்று வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐ.எஸ்.ஓ-வை 3200-க்கு ஏற்றினால் ரவை.

"நல்ல கேமரா ஒண்ணு வாங்கணும்" என்று ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"இதையும் வாங்கும்போது நல்ல கேமரான்னுதானே வாங்கினீங்க?" என்றாள்.

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் தை மாதம் ஐம்பதாயிரம் சீட்டு விழ இருந்தது. இருபது கிரைண்டருக்கும் வீட்டுச் சில்லறை வேலைகளுக்கும், முப்பது எனக்கு என்று முடிவானது. "முப்பதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் அந்தக் கேமராவுலயே மாவாட்டிக்கிடுங்க" என்ற நிபந்தனையோடு.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். எக்செல் போடாமல் கருவேப்பிலைகூட வாங்க மாட்டேன் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பதினோரு கேமரா, பதினான்கு கட்டம் என்று அட்டவணை போட்டேன். முதல் வரியில் இருந்தது முப்பதாயிரத்துக்குள் அடங்கியது. ஆனால் இன்னும் ஐந்தாயிரம் போட்டால் அடுத்தது வந்துவிடும். அதற்கு மேல் ஏழாயிரம் போட்டால் அதைவிட வேகமாகப் படம் எடுப்பது வந்துவிடும். முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன கூட்டம் ஒவ்வொரு அடுக்காக மேலே கைகாட்டுமே, அதே கதைதான். இதில் கைகாட்டியவனும் நானே, எடுத்துப் போட்டவனும் நானே.

ஃபுல் ஃபிரேமில் போய் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். அதில் படம் விழுகிற சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். என்னுடையதில் 23-க்கு 15 சொச்சம். எட்டு முழ வேட்டிக்கும் நாலு முழ வேட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முழம் கட்டினால் கம்பீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கேற்ற லென்ஸ்களும் வேண்டும், அவை எல்லாம் ஜரிகை வேட்டி விலை. அப்புறம் மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி இல்லாத வகை. இனி வரப்போவது எல்லாம் அதுதான் என்றார்கள். பார்த்தால் லென்ஸ் மாட்டுகிற வாயே வேறு. பழைய லென்ஸை மாட்ட நடுவில் ஒரு வளையம் வாங்க வேண்டுமாம். வளையத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். அட்டவணை பதினைந்து கட்டமானது.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளம் போனேன். அங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும். தலைக்கு மேலே மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு இரை கொடுப்பதை என் 55 லென்ஸிலேயே ஓரளவு எடுத்துவிட்டேன். அதோடு திரும்பியிருக்கலாம். குளத்துக்கு நடுவில் இருந்த கூட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். தாளித்த கடுகு. அன்றிரவு 200-500 லென்ஸைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். எடை மட்டுமே 2.3 கிலோ. இரண்டு மணிக்குத்தான் புத்தி வந்தது. நான் படித்துக்கொண்டிருந்த பொருளுக்கு என் பைக்கை விற்றால் முன்பக்க மூடி வரும், லென்ஸ் வராது.

அலுவலகத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "கேமராவெல்லாம் போன காலம் வே, நல்ல போனா ஒண்ணு வாங்கும்" என்றார் ஒருவர். அவரை அட்டவணையில் சேர்க்கவில்லை.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். முப்பது வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். என் அட்டவணையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், பிறகு மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்.

"கேமரா பாடிய விடு தம்பி. லென்ஸை மாத்து. எஃப் 1.8-ல ஒரு அம்பது வாங்கிப் போடு. உன் 5.6-ஐவிடப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ள போகும், கேட்டியா?"

வீட்டில் வந்து கணக்குப் போட்டேன். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, விடையை அதாலேயே பெருக்கினால் 9.7 வருகிறது. அண்ணாச்சி கணக்கு சுத்தம். இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி என்பது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். பிள்ளை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அப்படியே நிற்கும். ஐந்தாயிரம், பத்தாயிரத்தில் வேலை முடிந்தது. ஸ்டூடியோவிலிருந்து கிளம்பியபோது அண்ணாச்சி பின்னாலிருந்து, "ஜி-யா டி-யான்னு பாத்து வாங்கு" என்று சொன்னது காதில் விழத்தான் செய்தது. நான் பெட்டியில் இருக்கும் எழுத்து என்று நினைத்துக்கொண்டேன். எழுத்தில் என்ன இருக்கிறது!

பழைய பொருள்தான் வாங்குவது என்று தீர்மானித்து, முதலில் தூத்துக்குடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். "இரண்டே மாதம் பயன்படுத்தியது" என்று விளம்பரம். லென்ஸ் அலமாரியில் ஒரு ஈரத்துண்டு வாசனையோடு இருந்தது. இந்த இடத்தில் என் சாமர்த்தியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். லென்ஸின் பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்பியை விரலால் தள்ளி, அபர்ச்சர் இதழ்களை முழுதாக விரித்து, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பார்த்தேன். உள் கண்ணாடியில் பட்டுநூலைப் பிரித்துப் போட்டதுபோல வெள்ளையாக ஒன்று, கிளை கிளையாகப் படர்ந்திருந்தது. ஃபங்கஸ். கடலோர ஈரத்தில் லென்ஸைத் துணியில் சுற்றி வைத்தால் வேறென்ன ஆகும்?

"அது கோட்டிங் சார்" என்றார் வீட்டுக்காரர்.

"கோட்டிங்குக்கு வேர் விடுமா சார்?" என்றேன்.

பேருந்தில் திரும்பும்போது என்னை நானே மூன்று தடவை மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் தென்காசிப் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். காபி கொடுத்தார். லென்ஸைப் பெட்டியோடு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எடுத்து வந்தார். டார்ச் அடித்தேன். பளிங்கு. 155 கிராம்தான், கையில் வைத்தால் நெல்லிக்காய் ஊறுகாய்ப் பாட்டில் மூடிபோல இருந்தது. விலை 4,500. "என்ன பாடி வச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்கவும் செய்தார். "நிக்கான்தான் சார்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. மேற்கொண்டு கேட்பது மரியாதையில்லை என்று அவர் விட்டிருக்க வேண்டும்.

வீட்டில் மாட்டினேன். 'டக்' என்று கச்சிதமாகப் பூட்டியது. மகளைப் பார்த்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினேன். சத்தமே இல்லை. அடடா, எவ்வளவு அமைதியான லென்ஸ் என்று ஒரு நிமிஷம் பூரித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அமைதி இல்லை, மௌன விரதம். ஃபோகஸ் நகரவே இல்லை.

ஜி-க்கும் டி-க்கும் உள்ள வித்தியாசத்தை அன்றிரவு படித்தேன். இந்த 50-ல் ஜி என்று முடிவதில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. டி என்று முடிவதில் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் ஒரு மோட்டார் இருந்து, லென்ஸ் மாட்டும் வளையத்தில் ஸ்குரூ டிரைவர் முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு அதைத் திருப்ப வேண்டும். டி3100 ஆரம்பநிலைக் கேமரா. எடையும் விலையும் குறைய வேண்டும் என்று அந்த மோட்டாரை வைக்காமலே செய்தது. ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, கையேட்டிலேயே போட்டிருக்கிறது. பதினைந்து கட்ட அட்டவணையில் அந்த ஒரு கட்டத்தைத்தான் நான் போடவில்லை.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. "அப்போ இது படமே எடுக்காதா?" என்றாள்.

"எடுக்கும். நாமதான் கையால வளையத்தைத் திருப்பித் திருப்பி ஃபோகஸ் பண்ணணும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "மோட்டார் இல்லாத கிரைண்டருக்குப் பேரு ஆட்டுக்கல்லுங்க."

ரோஷம் வந்தது. அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து ஆட்ட ஆரம்பித்தேன். எஃப் 1.8-ல் ஒரு விரற்கடைதான் தெளிவாக விழும். வளையத்தைத் திருப்பினால் வ்யூஃபைண்டர் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். எரிந்தவுடன் அழுத்த வேண்டும். அழுத்துவதற்குள் அம்மா மூச்சு விடுவாள், புள்ளி அணையும். நாற்பது படத்தில் இருபத்தாறில் மூக்குத்தி மட்டும் ஜொலித்தது, அம்மா பனிமூட்டத்தில் இருந்தாள். "ஏ ஐயா, எடுத்து முடிச்சிட்டியா? அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று அவள் எழுந்து போன படம் ஒன்றுதான் முழுத் தெளிவு. முதுகு.

நியாயமாகப் பார்த்தால் அந்த லென்ஸை அதே விலைக்குத் தள்ளிவிட்டு, கூடக் கொஞ்சம் போட்டு ஜி வாங்கியிருக்க வேண்டும். கணக்குப் பிரிவு அதைத்தான் சொன்னது. ஆனால் லாடம் கையில் இருக்கும்போது குதிரை வாங்கினால் என்ன என்று இன்னொரு பிரிவு கேட்டது. மோட்டார் உள்ள பாடி தேடினேன். சுற்றி வந்து மறுபடி அண்ணாச்சியிடமே நின்றேன். அவர் மிரர்லெஸுக்கு மாறிவிட்டதால் பழைய டி7000-ஐக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார்.

சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, பழைய கேமராவுக்கு ஷட்டர் எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். 1,12,000 என்று காட்டியது. ஒன்றரை லட்சத்துக்குச் சோதித்துப் பார்த்த ஷட்டர் அது. கல்யாணத்துக்கு ஆயிரத்து ஐநூறு என்று வைத்தாலும் எழுபத்தைந்து தாலிகளைப் பார்த்த கேமரா. மிச்சம் 38,000. வருஷத்துக்கு நான் மூவாயிரம் எடுப்பேன். பன்னிரண்டு வருஷத்துக்குத் தாராளம், அதற்குள் அடுத்த சீட்டு விழுந்துவிடும். பதினேழாயிரத்துக்கு முடித்தோம். பிடி ரப்பரின் விளிம்பு லேசாக எழும்பியிருந்தது, அதன் இடுக்கில் காய்ந்த சந்தனம். மெமரி கார்டு மூடியைத் திறந்தால் ஒரு மஞ்சள் அட்சதை அரிசி விழுந்தது. நல்ல சகுனம் என்று அண்ணாச்சி அதற்கு விலை சேர்க்காமல் விட்டார்.

என்னிடம் இருந்த இரண்டு பழைய பேட்டரியும் இதற்குப் பொருந்தாது என்பது வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. பேட்டரி, கார்டு, பை எல்லாம் சேர்த்தும் 26,800-ல் நின்றது. 3,200 ரூபாயை மனைவி கையில் திருப்பிக் கொடுத்தபோது அவள் நோட்டை எண்ணிவிட்டு என்னை எண்ணுவதுபோல் பார்த்தாள்.

இந்த வருஷ ஆண்டு விழா. 50 லென்ஸில் நீட்டவும் முடியாது சுருக்கவும் முடியாது, நாம்தான் நடக்க வேண்டும். அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் மூன்றாவது வரிசை ஓரம் பிடித்தேன். எஃப் 1.8, இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நொடி. பாதி அழுத்தினால் தையல் மிஷின்போல 'கர்ர்' என்று ஓடி ஃபோகஸ் பிடித்தது. பேசிக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினரே ஒருமுறை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். என்ன ஆட்டம் என்று மகள் சொல்லவில்லை. "நான்தான் நடுவுல" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் பச்சைச் சார்ட் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளியோ, பட்டாம்பூச்சியோ, எப்படிப் பறந்தாலும் பிடித்துவிடலாம் என்று இருந்தேன்.

திரை விலகியது. நடுவில் என் மகள். மரம்.

சுற்றிலும் முயல், மான், கிளி எல்லாம் ஓடின. அவள் இரண்டு கையையும் விரித்தபடி, முகத்தைச் சுற்றிப் பச்சை இலைகளோடு, எட்டு நிமிஷம் அப்படியே நின்றாள். டி3100-ஐ ஒரு நாற்காலி மேல் வைத்து, பழைய லென்ஸிலேயே அரை நொடி திறந்து வைத்திருந்தாலும் படம் அருமையாக விழுந்திருக்கும். நான் 96 படம் எடுத்தேன். 96-லும் மரம் ஒரே மாதிரி இருந்தது.

மனைவி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "தெளிவா இருக்குங்க. ஒரு இலைகூட அசையல."

"அசையக்கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க" என்றது மரம்.

இரவு அதில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து நானே குடும்பக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் நாகர்கோவிலிலிருந்து பதில் வந்தது.

"படம் ரொம்பப் பிரமாதம் மாப்பிள்ளை. புதுப் போனா? என்ன விலை?"