ஹார்ட்விக் மாளிகை: மாடி ஏற ஏற உயரும் சன்னல்கள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் குன்றின் மேல் நிற்கும் ஹார்ட்விக் மாளிகையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் கண்ணாடியிலிருந்தே தொடங்குவார்கள். ‘ஹார்ட்விக்கில் சுவரைவிடக் கண்ணாடியே அதிகம்’ என்று ஆங்கிலேயரிடையே ஒரு சொலவடையே உண்டு. கண்ணாடி அரும்பொருளாக இருந்த காலத்தில் முகப்பு முழுவதையும் சன்னல்களால் நிரப்பியது செல்வச் செருக்குதான். எனினும் என்னைக் கவர்வது, அந்தச் சன்னல்களுக்கு இடம்கொடுத்த உள்ளமைப்பு.

கட்டுவித்தவர், நான்கு கணவர்களுக்குப் பின்னும் வாழ்ந்த ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். வரலாற்றில் ‘ஹார்ட்விக் பெஸ்’. கடைசிக் கணவர் இறந்த 1590ஆம் ஆண்டில், அருகிலிருந்த பழைய மாளிகையின் வேலையே முடியாத நிலையில், புதியதைத் தொடங்கி 1597இல் குடிபுகுந்தார். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பொறித்துக்கொண்டார். அடக்கம் அவருடைய குணம் அல்ல.

வடிவமைத்தவராகக் கருதப்படும் ராபர்ட் ஸ்மித்சன், அதுவரை முகப்புக்கு இணையாகக் கிடந்த பெருங்கூடத்தைத் திருப்பி, வாசலிலிருந்து பின்புறம் நோக்கி நடுவில் ஓடவிட்டதால், முகப்பின் இரு பாதியும் ஒத்து அமைந்தன. புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் கொண்டுசென்றதால் வெளிச்சுவர்கள் சன்னல்களுக்கு மிஞ்சின. ஒழுங்கு குலையாதிருக்கச் சில இடங்களில் பின்னால் சுவரே இருக்கும் பொய்ச் சன்னல்களையும் வைத்தார்கள். தரைத்தளம் பணியாளருக்கு, முதல் மாடி குடும்பத்துக்கு, இரண்டாம் மாடி விருந்தும் வரவேற்பும் நிகழும் அரங்குகளுக்கு. மேலே செல்லச் செல்லச் சன்னல்களின் உயரமும் கூடுகிறது. நீண்ட கல் படிகளில் ஏறி வரும் விருந்தினர், வேட்டைத் தெய்வம் டயானாவும் காட்டு விலங்குகளும் வண்ணச் சுதையில் விரியும் பெருஅறையை அடைவார். வருவார் என்று எதிர்பார்த்த அரசி முதலாம் எலிசபெத் மட்டும் ஒருமுறையும் வரவில்லை.

நீள்கூடத்தில் தொங்கும், விவிலிய வீரர் கிதியோனின் கதை நெய்த திரைச்சீலைகள், அரசியின் அமைச்சராக இருந்த கிறிஸ்டோபர் ஹாட்டனின் குடும்பத்திடமிருந்து வாங்கியவை. ஹாட்டனின் குலச்சின்னத்தை மறைக்கும் செலவுக்கென 5 பவுண்டு குறைத்து வாங்கிய பெஸ், அதன்மேல் தம் சின்னம் தீட்டிய துணியைத் தைக்கச் செய்ததோடு, ஹாட்டன் சின்னத்திலிருந்த பெண்மானுக்குக் கொம்பு வரைந்து தம் குடும்பத்துக் கலைமானாக்கினார். கட்டடக்கலை நூல்கள் இதை ஓரிரு வரியில் கடப்பது எனக்கு வருத்தமே.

1608இல் பெஸ் மறைந்தபின் மாளிகை அவருடைய இரண்டாம் கணவரின் வழிவந்த கேவண்டிஷ் குடும்பத்தினருக்குச் சென்றது. பின்னாளில் டெவன்ஷயர் கோமகன்களான அவர்கள் தங்கள் மற்றொரு மாளிகையான சாட்ஸ்வொர்த்திலேயே பெரிதும் வாழ்ந்து, காலத்துக்கேற்ற மாற்றங்களை அங்கே செய்தார்கள். ஹார்ட்விக் பதினாறாம் நூற்றாண்டுத் தோற்றத்தோடு தப்பியதற்கு இந்தப் புறக்கணிப்பே காரணம். 1950இல் பத்தாம் கோமகன் இறந்தபோது விதிக்கப்பட்ட 80 சதவீத வாரிசு வரிக்கு ஈடாக மாளிகை அரசுக்குப் போய், 1959இல் பழம்பெரும் கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை அடைந்தது.